தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு கிளாரினெட்

எங்கள் தெருவில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சைக் காதால் கேட்க முடியாது. எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்த புதிதில் எனக்கு அது பழகவே இல்லை. குருவிகுளம் பக்கம் நான் பிறந்த ஊரில் பக்கத்துக் காட்டில் ஆடு செருமினால்கூட வீட்டுக்குள் கேட்கும். இங்கே குக்கர் விசிலடித்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

தெருக்கோடியில் இருக்கும் விசைத்தறிக் கூடத்தில்தான் என் கணவருக்கு வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் தறியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கப் போவார். நெட்டையான ஆள். கூட்டத்தில் எங்கே நின்றாலும் தலை தெரியும்.

நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் சேரும்போது வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை அப்பா சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில் என் பெயர் இருக்கிறது என்று சரியாக விரல் வைத்துக் காட்டுவார். அந்த விரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை நிமிரும்.

கிளாரினெட்டை முதன்முதலில் பக்கத்தில் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். நாதஸ்வரத்தை விடக் குட்டை. கறுப்பு உடம்பு முழுக்க, விரலால் அழுத்துகிற வெள்ளி நிறக் கீகள். பெட்டியைத் திறந்தால் துண்டு துண்டாகப் படுத்திருக்கும். அவர் ஒவ்வொன்றாகத் திருகிச் சேர்ப்பார். கடைசியாக, நாணலைச் சீவிச் செய்த சின்ன ரீடை வாயில் போட்டு நனைத்து, ஊதும் முனையில் வைத்து இறுக்குவார். நனையாத ரீடு கீச்சென்று கத்தும். என் மாமியாரான அத்தை அதைப் பீப்பி என்றுதான் சொல்வார். "ஏளா, அவன் பீப்பி மேல துணியக் காயப் போட்டுராத."

அதற்கு இரண்டு குரல் உண்டு. கீழ்க்குரல் பானைக்குள் வாயை வைத்துப் பேசுவது மாதிரி கனமாக, இருட்டாக இருக்கும். முதுகுப் பக்கம் இடது கட்டைவிரலுக்கு ஒரு கீ இருக்கிறது. அதை அழுத்தினால் அதே விரல்களில் சத்தம் சட்டென்று மேலே தாவும். புல்லாங்குழல் மாதிரி அடுத்த ஸ்தாயியின் அதே ஸ்வரத்துக்குப் போகாது, அதையும் தாண்டிப் போய் நிற்கும். ஒரு முனை மூடிய குழாயில் ஒலி அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நான் வருடா வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைகிறேன். என் வீட்டு அலமாரி மேலேயே அந்தப் பாடம் இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வைகாசியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் நான் வேலை பார்க்கும் பள்ளி வழியாகத்தான் போனது. அவர் வாசிப்பதைப் பார்க்க அன்று சாயங்காலம் நான் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். பாட்டின் நடுவரியில் கிளாரினெட் நின்றது. நின்ற அதே இடத்தில் டிரம்பெட் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. பேண்டு செட்டில் அது ஒரு வழக்கம். யாருக்கு என்ன ஆனாலும் தெருவில் பாட்டு அறுபடக் கூடாது. அறுபட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் அபசகுனம் என்பார்கள். அதனால் கிளாரினெட் விட்டால் டிரம்பெட் பிடிக்கும். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவர் ஜெனரேட்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விலாவில் ஒரு கை. டியூப் லைட் வெளிச்சத்தில் முகம் சாம்பல் மாதிரி இருந்தது. அவரைத் தாண்டி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பளீரென்ற டிரம்பெட் சத்தத்தோடு.

டிரம்பெட் வாசிக்கிற அண்ணாச்சிதான் அந்தப் பாட்டை முடித்துவிட்டு ஓடி வந்து, அவரை ஆட்டோவில் ஏற்றி, திருநெல்வேலி வரைக்கும் எங்களோடு வந்தார். எக்ஸ்ரேயில் இடது பக்க நுரையீரல் கசங்கிய காகிதம் மாதிரி சுருண்டிருந்தது. நுரையீரலின் மேல் ஒரு சின்னக் கொப்புளம் உடைந்து, காற்று வெளியே கசிந்து, அதை அமுக்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நெட்டையான ஒல்லியான ஆட்களுக்கு இப்படி வருவதுண்டாம். திரும்பவும் வரலாமாம். விலாவுக்குள் குழாய் போட்டு, கசிந்த காற்றைக் கட்டிலுக்குக் கீழே ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் இறக்கினார்கள்.

டாக்டர் சொல்லச் சொல்ல, பின்னாலேயே வந்து சேர்ந்த அத்தையும் அண்ணாச்சியும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினால் சரியாகிவிடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. வீட்டில் படித்த ஆள் நான்தானே. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று முழுதாகத் தெரிந்திருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை.

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடினேன். ஊதும்போது நெஞ்சுக்குள் எவ்வளவு அழுத்தம் வரும், எந்தக் கருவிக்கு அதிகம் என்றெல்லாம். ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பயமாக இருந்தது. அதனால் பயமில்லாத எதையாவது படிப்போம் என்று அந்தக் கருவியின் பெயரைத் தேடினேன். அது நன்றாக இருந்தது. இத்தாலிக்காரர்கள் டிரம்பெட்டின் உச்சக் குரலுக்குக் கிளாரினோ என்று பேர் வைத்திருந்தார்களாம். தெளிவு, பளிச்சென்று இருப்பது என்ற பொருளுள்ள ஒரு பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பிறகு இந்த மரக்குழல் வந்தது. இதன் மேல்குரலைத் தூரத்தில் இருந்து கேட்டவர்களுக்கு அந்த டிரம்பெட் மாதிரியே இருந்ததாம். அதனால் கிளாரினெட்டோ, சின்னக் கிளாரினோ என்றார்களாம். அதுதான் கிளாரினெட்.

மறுநாள் காலையில் அதை அவருக்குச் சொன்னேன். அண்ணாச்சி கட்டில் காலடியில் நின்று ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சின்ன டிரம்பெட்டா?" என்றார் அண்ணாச்சி. "ஏலே, கேட்டியா? இத்தாலிக்காரனே சொல்லிட்டான். இத்தனை வருசமா நீ என் தம்பிக்காரன்லே. இனிமே சபையில என் முன்னாடி நடக்காத, பின்னாடி வா."

"டீச்சர வச்சு ஆள் சேக்கேளோ?" என்று என் கணவர் சிரிக்கப் போய், குழாய் குத்தி, வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டிலில் தண்ணீருக்குள் காற்று குமிழ் குமிழாக வந்தது. நான் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவரை யாரும் சிரிக்க வைக்கக் கூடாது என்று நான் அண்ணாச்சியை வெளியே அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் கிளாரினெட் பெட்டி அலமாரி மேலேயே இருந்தது. மிளகாய் வறுக்கும்போது அவர் தும்மினால் கரண்டி என் கையில் அப்படியே நிற்கும். தறிக்கூடத்தில் நூல் பேல் மூட்டைகளை அவர் தூக்க வேண்டாம் என்று நானே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "எனக்குப் பேண்டும் கிடையாது, பேலும் கிடையாது. சேலை கட்டி உக்காத்தி வையி" என்றார். சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இனி மெதுவாக ஊதிப் பார்க்கலாம், வலி வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். என் கணவர் காதில் ஊதலாம் என்பது மட்டும் விழுந்தது. என் காதில் வலி வந்தால் என்பது மட்டும் விழுந்தது.

தை பிறந்ததும் அண்ணாச்சி பத்திரிகையோடு வந்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையை வரவேற்க முன்னால் நடக்க வேண்டும், அவரே டிரம்பெட் ஊதிக்கொண்டு வர முடியாது, அன்று செட்டில் வேறு டிரம்பெட்டும் இல்லை. கிளாரினெட்டுக்குக் கழுகுமலையிலிருந்து வேறு ஆள் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

என் கணவருக்கு முகம் மாறிவிட்டது. "உங்க மக கல்யாணத்துக்கு எவனோ ஊதுவான், நான் பந்தியில உக்காந்து அப்பளம் நொறுக்கணுமோ?"

"ஏலே, கோவப்படாத. உன் உடம்புக்காகத்தான் சொல்லுதேன்."

"உடம்பு என்னோடது. ஊதுனாத்தான் அது என்னோடது. இல்லாட்டா டாக்டரோடதுல்லா."

நான் கூடாது என்றேன். சத்தம் போட்டேன். படித்ததையெல்லாம் சொன்னேன். அத்தை கதவோரம் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணாச்சிதான் ஒரு வழி சொன்னார்.

"டீச்சரம்மா, கேளுங்க. நான் அன்னைக்கு வேட்டி சட்டையில பொண்ணுக்கு அப்பனாத்தான் வருவேன். ஆனா டிரம்பெட்டைக் கக்கத்துல வச்சிருப்பேன். வாயில வைக்க மாட்டேன். இவன் முகம் கொஞ்சம் சுண்டுனாலும் பாட்டை நான் பிடிச்சுக்கிடுவேன். எவன் என்ன சொன்னாலும் சரி. டிரம்பெட் சத்தம் கேக்காத வரைக்கும் இவன் நல்லா இருக்கான்னு நினைச்சுக்கோங்க. போதுமா?"

ஊர்வலத்தோடு வரமாட்டேன், என்னால் பார்க்க முடியாது, முடிந்ததும் நேராக மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மாப்பிள்ளை அழைப்பு நாளன்று சாயங்காலம் அத்தை முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டார். என் கணவர் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். மெலிந்துபோனதில் கோட்டு தோளில் தொங்கியது. "வாரேன்" என்றார். நான் நிமிராமல் பூத் தொடுத்துக்கொண்டிருந்தேன். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து, "ஏட்டி, வாரேன்னு சொன்னேன்" என்றார். "சரி, போயிட்டு வாங்க" என்றேன். தறிச் சத்தத்தில் அவர் என் உதட்டைத்தான் பார்த்திருப்பார்.

பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, தயாராகி மொட்டை மாடியில் போய் நின்றேன். வீடுகளுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் ஊர்வலம் கிளம்ப வேண்டும். வெயில் இறங்கி, வெளிச்சம் இருந்தும் இல்லாத நேரம். கீழே தறி விடாமல் தடதடவென்று ஓடியது.

முதலில் டிரம் மட்டும் கேட்டது. பிறகு, தறிக்கு அடியில் ஓடுகிற தண்ணீர் மாதிரி, கிளாரினெட்டின் கீழ்க்குரல். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும், திரும்பினால் மறையும். மாடிச் சுவரில் நெஞ்சை அழுத்திக்கொண்டு கேட்டேன். மறையும்போதெல்லாம் என் மூச்சும் நிற்கும். திரும்ப வந்ததும் நானும் விடுவேன். அவர் நுரையீரலுக்கும் சேர்த்து நான்தான் காற்றை இழுத்து விடுவது மாதிரி இருந்தது. ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்று ஆரம்பித்தது. பரவாயில்லை, பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு கீழ்க்குரல் மறைந்தது. காற்று திரும்பியிருக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டிரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்டது. பளீரென்று, தறிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு, பாட்டின் நடுவரியிலிருந்து டிரம்பெட்.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. கதவைப் பூட்டவில்லை. காலில் அவருடைய ரப்பர் செருப்பு. தறிக்கூட வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், "என்ன டீச்சர், என்னாச்சு?" என்று கேட்டிருக்க வேண்டும். உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன். பதில் சொல்ல நிற்கவில்லை. பட்டுச் சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

சத்தம் என் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. அதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான், அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவரைத் தாண்டிப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. இப்போதும் எங்கோ ஒரு திண்டில் சாய்ந்திருப்பார். சுற்றிலும் ஆடுவார்கள். மாப்பிள்ளை காரைப் படம் எடுப்பார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் முகம் சாம்பலாகிவிடும். திருநெல்வேலி எவ்வளவு தூரம், இந்தக் கூட்டத்தில் ஆட்டோ எப்படி வரும், ஸ்கேன் படம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனசு ஒரு பக்கம் ஓடியது. இன்னொரு பக்கம், வாரேன் என்று அவர் இரண்டாவது தடவை சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சந்துக்குள் நுழைந்ததும் உயரமான வீடுகள் சத்தத்தை மறைத்துவிட்டன. சந்து முடிந்து ரத வீதியில் வந்து விழுந்தபோது சத்தம் திடீரென்று என் பக்கத்தில் இருந்தது. அப்போது அது டிரம்பெட்டாக இல்லை. பித்தளையின் வழவழப்பு அதில் இல்லை. நாணல் உரசுகிற கரகரப்பு இருந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் மட்டும் வழுக்கி ஏறுகிற அந்தப் பழக்கம் இருந்தது.

கூட்டத்துக்கு மேலே அந்த நெட்டைத் தலை தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கிளாரினெட்டை வானத்துக்குத் தூக்கி, உச்சக் குரலில் ஊதிக்கொண்டிருந்தார்.

அவருக்கு முன்னால் அண்ணாச்சி, நெற்றியில் சந்தனத்தோடு, கோழியைப் பிடித்த மாதிரி கக்கத்தில் டிரம்பெட்டோடு நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்ன டீச்சரம்மா, இப்படி ஓடி வாரீய? மாப்ள காருல இடம் பிடிக்கவா?"

"டிரம்பெட் கேட்டுச்சே அண்ணாச்சி."

"டிரம்பெட்டா? யாரு, நானா?" வாயைத் திறந்து காட்டினார். வாய் நிறைய வெற்றிலை. "சம்பந்தி வீட்டுல குடுத்தது. இத வச்சுக்கிட்டு எங்கன ஊதுறது? மாப்ள வேட்டியெல்லாம் செவப்பாயிரும்லா."

நான் ஜெனரேட்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். வராந்தாவில் உட்கார்ந்து நான்தான் படித்தேன், நான்தான் இரண்டு பேருக்கும் சொன்னேன். தூரத்தில் இருந்து கேட்டால் டிரம்பெட் மாதிரி இருக்கும் என்று. ஓடி வந்த வழி முழுக்க அது எனக்கு ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெயரை முதலில் வைத்தவனும் எங்கேயோ ஒரு மாடியில் நின்று கேட்டவனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு ஊதுகிறவன் யாரோ ஒருவன்.

பாட்டு முடிந்தது. டிரம்காரர்கள் தாளத்தை மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்தவுடன் என்னைப் பார்த்தார். சேலையை, செருப்பை. வேர்த்துக் கொட்டிய முகத்தில் ஒரே சந்தோஷம்.

"கேட்டுச்சா?" என்றார்.

"என்ன?"

"மேல ஊதுனது. கீழயே ஊதுனா தறிச் சத்தத்துல உனக்குக் கேக்காதுல்லா. நீ மாடியில நின்னுக்கிட்டுப் பயந்து சாவேன்னு எனக்குத் தெரியாதா? அதான் மூலை திரும்புனதும் மேல ஏத்திட்டேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. ரத வீதியில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், இரண்டையும் செய்ய முடியாது.

"வலிக்கா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"லேசா இழுக்கு. வலி இல்ல. எட்டு மாசம் சும்மா கெடந்ததுல்லா, இழுக்கத்தான் செய்யும்."

இழுப்பது எது, வலி எது என்று அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாக்கடையோரம் போய் வெற்றிலையைத் துப்பி, ஒரு டம்ளர் தண்ணீரில் வாயைக் கொப்புளித்தார். டிரம்பெட்டைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த பாட்டு கீழயே ஊதுங்க" என்றேன்.

"வீட்டுக்குக் கேக்காதே."

"வீட்டுல யாரு இருக்கா?"

அவர் ரீடை நனைத்துக்கொண்டார். பாட்டு அந்த இருட்டுக் குரலில் ஆரம்பித்தது. ஊர்வலம் நகர்ந்தது. நான் அவருக்கு இடது பக்கமாக, ஜெனரேட்டர் வண்டியை ஒட்டி நடந்தேன். பேண்டு செட்டுக்கு நடுவில் எந்த வீட்டுப் பெண்ணும் நடப்பதில்லை. பார்த்தவர்கள் பார்த்தார்கள். மாடியில் இருந்தபோது கேட்காதது இங்கே கேட்டது. வரிக்கும் வரிக்கும் நடுவில் உதட்டோரம் அவர் சட்டென்று இழுக்கிற மூச்சு. ஒவ்வொரு தடவையும் அது வருமா என்று இருந்தது. வந்தது.

குழாய் போட்ட தழும்பு கோட்டுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே உள்ளங்கையை வைத்தேன். கீழ்க்குரல் அவர் விலாவுக்குள் அதிர்வது கைக்குத் தெரிந்தது. அவர் ஒரு நொடி தடுமாறி, பிறகு வரியைப் பிடித்துக்கொண்டார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தை எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கையை எடு, எடு என்று கண்ணைக் காட்டினார். உதடுகூட அசைந்தது. "ஏளா, சபையில..."

நான் எடுக்கவில்லை. அந்த மூச்சு வந்தது. அடுத்ததுக்காகக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.